கீழே இருந்த கீற்று

பதினைந்து அமினோ அமிலம்.
குப்பியில் இருக்கிறதா என்றே தெரியாத தூள்.
ராத்திரி முழுக்க ஆன்டிபாடியோடு
நாலு டிகிரியில் சுழலவிட்டேன்.
கை நிறைந்தவன் வேறெதைப் பிடிப்பான்?
நிஜக் கோடென்றால்
விடியும்போது காணாமல் போயிருக்கணும்.

டர்பனில் மின்வெட்டு.
ஃப்ரீசருக்கு மட்டும் ஜெனரேட்டர்.
அம்பிலோ ரோட்டு ஜன்னல் வெளிச்சத்தில்
இரண்டு பட்டைகளையும் ஒட்டிப் பிடித்தோம்,
நானும் நொக்வாண்டாவும்.

எட்டு மாதமாய்க் கொண்டாடிய கறுப்புக்கோடு
இரண்டிலும்
அதே தடிப்பில்.

"கீழே பார், சலோஷ்னி."

அழுக்கென்று ஒவ்வொரு படத்திலும்
நான் வெட்டியெறிந்த மெல்லிய கீற்று
ஒன்றில் இருக்கிறது.
மற்றதில் இல்லை.

போஸ்டர் நேற்றே அச்சுக்குப் போய்விட்டது.
நொக்வாண்டா எழுந்துபோய்
கெட்டிலின் பொத்தானை அழுத்தினாள்.
கரண்ட் இல்லையென்று
இருவருக்குமே உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.