கை நிறைந்தவர்கள்

செண்டாய் ரயில் நிலையம், மேற்கு வாசல்.
மார்ச் மாதம். சுகி மரங்கள் மகரந்தத்தை அவிழ்த்துவிட்டன,
ஊரே தும்முகிறது.
இலவச டிஷ்யூ கொடுப்பவளுக்கு இதுதான் அறுவடைக் காலம்
என்று நினைப்பீர்கள்.

கொடுப்பதில் ஒரு கணக்கு உண்டு.
எதிரே வருபவரின் நான்காவது அடியில் கை நீள வேண்டும்.
மூன்றில் நீட்டினால் விலகிப் போவார்,
ஐந்தில் நீட்டினால் போயே போய்விட்டார்.
உயரம், நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே.
கண்ணைப் பார்க்கக் கூடாது, கையைத்தான்.
இருபது வருடமாகக் கைகளைப் பார்க்கிறேன்.

முன்பெல்லாம் ஒரு கை குடைக்கு, ஒரு கை சும்மா.
சும்மா இருக்கிற கை
மனசுக்குச் செய்தி போவதற்குள் வாங்கிவிடும்.
கடன் கம்பெனி, கான்டாக்ட் லென்ஸ், புதிதாய்த் திறந்த பல் ஆஸ்பத்திரி
எல்லாம் அப்படித்தான் ஊருக்குள் போயின,
சட்டைப்பைகளில், மூக்குகளுக்குப் பக்கத்தில்.

இப்போது ஒரு கையில் தொலைபேசி,
மறு கையில் காபி,
காதில் வெள்ளை அடைப்பான்.
என் காலை வணக்கம் அவர்கள் தோளில் பட்டுக்
கீழே விழுகிறது.
கை நிறைந்தவர்களுக்கு எதைக் கொடுப்பது?
நீட்டியபடி நிற்கிறேன்.
கொடுக்கிற கைதான், பார்ப்பவர்களுக்கு
ஏந்துகிற கையாகத் தெரிகிறது.

மேற்பார்வையாளர் குவாபராவுக்கு முப்பது வயதுகூட இல்லை.
போன வருடம் வரை காலிப் பெட்டிகளை எண்ணுவார்.
இந்த வருடம் பெட்டியைத் திரும்பியும் பார்ப்பதில்லை.
பாக்கெட்டின் முதுகில் ஒரு கட்டம் அச்சிட்டிருக்கிறது,
எறும்புப் புற்றை மேலிருந்து பார்த்தது போல.
அதைத் தொலைபேசியில் காட்டினால்தான்
கொடுத்தது கொடுத்ததாம்.
"ஷிகெனோ அவர்களே, நேற்று இரண்டாயிரம் போயிருக்கிறது.
பதினொரு தடவை திறந்திருக்கிறார்கள்.
சராசரி ஒன்பது நொடி."
மரியாதையாகத்தான் சொன்னார்.
அந்தப் பதினொன்றில் மூன்று நான்.
அதை நான் சொல்லவில்லை.

இந்த வாரத்து விளம்பரம்
ஆண்களுக்கான முடி வளர்ப்பு நிலையம்.
அன்றிரவே என் தொலைபேசி முடிவு செய்துவிட்டது,
எனக்கு உச்சியில் வழுக்கை விழுகிறதென்று.
சமையல் குறிப்புக்கு நடுவே வந்து எண்ணெய் காட்டுகிறது.
பேருந்து நேரம் பார்க்கப் போனால்
நம்பிக்கை வேரிலிருந்து தொடங்குகிறது என்கிறது.
ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளை, இடுப்பு வரை முடி,
அதனிடம் எப்படிச் சொல்வது?
நானும் யாரையும் யாரென்று கேட்காமல்தான் கொடுத்தேன்.
இது கேட்காமலே தெரிந்துகொள்கிறது,
தப்பாக.

வியாழக்கிழமை ஒருவன் கறுப்பு உடையில் வந்தான்.
கறுப்பு டை. சாவு வீட்டுக்குப் போகிறவன்
அல்லது திரும்புகிறவன்.
வாங்கிக்கொண்டு பத்தடி போனான், திரும்பி வந்தான்.
"இன்னும் இரண்டு தர முடியுமா?"
ஐந்து கொடுத்தேன்.
தூண் பக்கம் திரும்பி நின்று முகம் துடைத்தான்.
கட்டத்தை அவன் பார்க்கவேயில்லை.
தலைநிறைய முடி வேறு.
குவாபராவின் கணக்கில் அவன் வரவில்லை.
அவன் தும்மினானோ அழுதானோ எனக்கும் தெரியாது,
மார்ச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஏப்ரலிலிருந்து இந்த வாசலில் திரை வைக்கப்போகிறார்களாம்.
நடப்பவர் முகம் பார்த்து மாறுகிற திரை.
நான்காவது அடியெல்லாம் அதற்கு வேண்டாம்.
மூக்கு ஒழுகினால் அது என்ன செய்யும் என்று கேட்டேன்.
குவாபரா சிரித்தார்,
பிறகு எதையோ குறித்துக்கொண்டார்.

மிஞ்சிய அரைப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
ஒன்றைப் பிரித்து மூக்கைச் சிந்தினேன்,
இன்னொன்றால் தொலைபேசித் திரையைத் துடைத்தேன்.
விரல் எங்கோ அழுந்தியது.
வழுக்கைத் தலை ஒன்று திறந்துகொண்டு
கறுகறுவென்று வளரத் தொடங்கியது.
ஒன்பது நொடிக்கு மேலாகவே
பார்த்துக்கொண்டிருந்தேன்.