வாரத்துக்கு ஒன்றேகால் மணி

சமையலறை மேசையில்தான் பேசவேண்டும் என்பது விதி.
அலுவலக மேசை அதிகாரத்தைக் காட்டுமாம்.
சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

குரோனிங்கனுக்கு வடக்கே
கடலைவிடத் தாழ்ந்த ஒரு தெரு.
எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப்
பதினோரு நிமிடம் தாமதமாய்ப் போனேன்.

கேஸ்கே டைக்கெமா. வயது நாற்பத்தேழு.
பத்தொன்பது வருடம்
எழுபத்தொன்றாம் எண் பேருந்தை ஓட்டியவர்.
இப்போது நரம்புகள் ஒவ்வொன்றாய்
சொல்லாமல் விடுப்பு எடுக்கின்றன.
கதவைத் திறக்க நான்கு நிமிடம்.
"இன்னும் ஏழு நிமிடம் எனக்கு பாக்கி" என்றார்.

காபி. ஆளுக்கொரு பிஸ்கட்.
டப்பாவை மூடிவிட்டு, ம், கேளுங்கள் என்றார்.

"சொந்த வலிமை" என்ற தலைப்பின் கீழ்
முதல் கேள்வி:
உங்கள் வட்டத்தில் உதவக்கூடியவர் யார்?

மகன் பெர்கனில், கப்பல் பட்டறையில்.
வலப்பக்கத்து ஹார்மெனுக்கு முதுகில் இரும்புத் தகடு.
இடப்பக்கத்து வீடு
எரிவாயு எடுத்த நிலம் குலுங்கியதில் விரிசல் விட்டுக்
காலியாய்க் கிடக்கிறது.
தேவாலயம்?
"பதினாறு வயதில் வெளியே வந்தேன்.
முதுகு தேய்த்துவிடச் சொல்லித் திரும்பிப் போகவா?"

கல்லூரி நாட்களில் நான்
ரயிலடியில் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன்.
என் படுக்கையில், என் புகையில், என் சாவில்
அரசுக்கு என்ன வேலை என்று.
இருபத்திரண்டு வருடம் கழித்து
அதே வாக்கியம்
நிதிக்குறைப்பின் விளக்கக் குறிப்பாய்
எனக்கே வந்து சேர்ந்தது.
ஒரு காற்புள்ளிதான் மாறியிருந்தது.

நான்கு மணி நேரம் ஒன்றேகால் ஆகிறது என்றேன்.
படிக்கட்டுக்குக் கைப்பிடி இருக்கிறதா,
தரைவிரிப்பு ஓரம் மடங்கியிருக்கிறதா,
மது எத்தனை கோப்பை,
எல்லாம் கேட்டேன். கேட்கவேண்டும்.

"நாலு மணி நேரம் தந்தபோது
என் சாம்பல் கிண்ணத்தை
யாரும் எட்டிப் பார்க்கவில்லையே" என்றார்.
"அரசு மெலிகிறது என்கிறீர்கள்.
வயிறுதான் மெலிந்திருக்கிறது.
கண் வீங்கிக்கொண்டே போகிறது."

பணமாய்க் கையில் கொடுங்கள்,
ஆளை நானே வைத்துக்கொள்கிறேன்,
அதில் ஒரு மணி நேரம்
அணைமேல் உட்கார்ந்து கடல் பார்த்தால்
யாரும் எழுதிக்கொள்ளக் கூடாது.
கடலுக்குக் கட்டம் இல்லை என்றேன்.
உண்மையாகவே தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஜன்னல் முழுக்க அணை. பச்சை. மேலே ஆடுகள்.
"அதை முதலில் கட்டியது அரசாங்கமில்லை.
ஆளுக்கொரு துண்டு என்று
பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டியது.
பள்ளிக்கூடத்தில் பெருமையாய்ச் சொன்னார்கள்.
மண்வெட்டி தூக்க முடியாதவன்
நிலத்தை விட்டுப் போகவேண்டும் என்பதும்
அவர்கள் சட்டம்தான்.
அதை மெதுவாய்ச் சொன்னார்கள்."

தலையிடாதே என்றுதான்
அன்று நாங்கள் கத்தினோம்.
கைவிடு என்று எழுதிக்கொண்டார்கள்.
அல்லது நாங்களே
இரண்டையும் ஒரே மூச்சில் கத்தினோமோ,
நினைவில்லை. இளமை. குளிர் வேறு.

கிளம்பும்போது ஒரு பாட்டிலை நீட்டினார்.
பீட்ரூட் ஊறுகாய். ஐந்து நாளாய்த் திறக்கவில்லையாம்.
திறந்தேன்.
சட்டைக் கையெல்லாம் சிவப்பு.
"முதல் கேள்விக்கு" என்றார் கேஸ்கே,
"உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்."
சிரிக்கவில்லை.

இரவு பத்தரை.
முதல் கட்டம் நிரம்பாமல்
அடுத்த பக்கம் போக மறுக்கிறது திரை.
என் பெயரின் முதல் எழுத்தைத் தட்டினேன்.
அழித்தேன்.
வேறொரு ஜன்னலைத் திறந்து
வியாழக்கிழமை
எழுபத்தொன்றாம் எண்
எத்தனை மணிக்கு என்று பார்த்தேன்.