உறங்கும் புறா

அந்த நிறத்துக்கு அவர்கள் வைத்த பெயர்
உறங்கும் புறா.
பார்சலில் வந்தது விரல் அகலத் துணி ஒன்று.
அதைப் பார்த்துப்
பெருந்துறைச் சாயப்பட்டறை செய்தனுப்பியவை மூன்று,
அட்டையில் ஸ்டேப்ளர் அடித்து, கீழே பால்பாயிண்டில்
ஏ, பி, சி.
ஷேடை நீங்களே ஓகே பண்ணிக்கொள்ளுங்கள் என்று
வெளிநாட்டிலிருந்து ஒற்றை வரி மெயில்.
பதினாலு வருசமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அதிகாரம்.
வந்த அன்று வயிற்றைக் கலக்கியது.

காலை பதினொன்று.
வடக்குச் சன்னலில் அட்டையைப் பிடித்தேன்.
கை தானாகப் போய் பி-யைத் தொட்டது.
அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

லைட் பாக்சுக்குள் வைத்தேன்.
பகல் வெளிச்சத்தில் பி சரி.
கடை வெளிச்சத்தில் சி-யும் சரி.
மஞ்சள் பல்பில் மூன்றும்
ஒன்றையொன்று தெரியாதவை போல நின்றன.
எக்செல்லில் கட்டம் போட்டேன். மதிப்பெண் போட்டேன்.
ஏ எழுபத்தொன்று, பி எழுபத்திரண்டு,
சி எழுபத்தொன்றரை.
செக்கிங் டேபிள் ரங்கநாயகியிடம் காட்டினேன்.
"மூணும் ஒண்ணுதானுங்க்கா" என்று
பிசிறு வெட்டப் போய்விட்டாள்.
அயர்ன் மாஸ்டர் ஏ என்றார்.
டீ கொண்டுவந்த பையன்
கேட்காமலே சி என்றான்.
அவன் சொன்னதையும் கட்டத்தில் சேர்த்தேன்.

மத்தியானம் சோற்று டப்பாவின் மூடியும்
அதே சாம்பலாகத் தெரிந்தது.

ஒன்றரை ஷிப்டு முடிந்து
வேன்கள் அவிநாசி ரோட்டுக்குத் திரும்பிய பிறகு
போன்.
சாயப்பட்டறைச் சென்னியப்பன்.
என்னைவிட ஏழெட்டு வயது சின்னவன்,
பொறுமை அவனைவிடச் சின்னது.
"அக்கா, முன்னூறு கிலோ மெசின் வெறுமனே நிக்குதுங்.
பத்து மணிக்கு வேற பார்ட்டி துணிய ஏத்தீருவேன்.
ஏ-யா பி-யாங்?"
"சி-யை மறந்துட்டியே."
"எனக்கென்னுங், சி-யையும் ஓட்டித் தாரேன்.
சொல்லோணுமில்ல?"

ரெண்டு நிமிசம் என்றேன்.
காலையிலிருந்து முதன்முறையாக
யோசனைக்கு ஒரு கரை கிடைத்தது.

அப்போதுதான் விளங்கிற்று.
பதினொன்று ஐந்திலிருந்து
நான் நிறத்தையே பார்க்கவில்லை.
ஏ-யில் எம்.டி. குழந்தைசாமியின் முகம்.
சி-யில், திரும்பச் செய்த சரக்கு
விமானத்தில் போகும் செலவு.
பி-யில், போன வருசம் கருநீலம் சொதப்பிய அன்று
மீட்டிங்கில் எல்லோரும் என்னைப் பார்க்காமல்
தண்ணீர் பாட்டிலைப் பார்த்த பார்வை.

முகங்களை ஓரமாக எடுத்து வைத்தேன்.
மிச்சம் இருந்தது ஒரே கேள்வி:
தப்பாகிப் போனால் எதைத் திருத்த முடியும்?
வெளிறிப் போனால் இன்னும் கொஞ்சம் சாயம் ஏற்றலாம்.
கருத்துப் போனால் உரித்தெடுக்க வேண்டும்,
துணியின் உயிரும் கூடவே வரும்.
சி கொஞ்சம் அடர்த்தி.
ஏ-யில் சிவப்பு எட்டிப் பார்க்கிறது.
பி, மயிரிழை வெளிறல்.
போதும்.

"பி" என்றேன்.
"சேரீங்."
"இல்ல சென்னி, ஒரு நிமிசம்..."
அவன் வைத்துவிட்டிருந்தான்.

நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
மறுபடி கூப்பிட விரல் போனது.
பாலத்து விளக்கில் என் சுடிதாரே
உறங்கும் புறாவாக இருந்தது.
சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போனேன்.

சரக்கு போய் நாற்பது நாள் கழித்து மெயில்.
நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
பாலிபேக்கில் ஸ்டிக்கர்
இடப்பக்கம் ஒட்டியிருக்கிறதாம்,
வலப்பக்கம் வேண்டுமாம்.
அந்த ஸ்டிக்கரைப் பற்றி நான்
ஒரு நொடிகூட யோசித்ததில்லை.

இன்று மூன்று பச்சை வந்திருக்கின்றன.
பெயர் வேறு ஏதோ.
சன்னலுக்குப் போனேன். கை ஏ-யைத் தொட்டது.
கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, டீ சொன்னேன்.
சி-யாக இருந்திருக்குமோ என்று
அரை டம்ளர் வரைக்கும் யோசித்தேன்.
மீதியை ஆறுவதற்குள் குடித்தேன்.