நான்காம் எண் கயிறு

கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவான் இன்னஸ்,
இந்த ஹேடாக் மீன் ஒன்றரைக் கிலோ, இது ஒரு கை குறைவு.
அப்பா தராசில் போட்டால்
முள் அவன் சொன்ன இடத்தில் போய் நிற்கும்.
பதினொரு வயது அப்போது.
அபர்டீனுக்கு வடக்கே, எங்கள் துறைமுகத்தில்,
ஐஸ் அள்ளும் ஆட்கள் அவனிடம் பந்தயம் கட்டித் தோற்பார்கள்.
ஜெயித்த காசில் எனக்கும் சேர்த்து
வினிகர் சொட்டும் உருளைக்கிழங்கு வறுவல்.

பதினேழில் கடலுக்குப் போனான்.
பத்து நாள் அலை, மூன்று நாள் கரை.
கரையில் கை நிறையப் பணம்,
செய்ய ஒன்றுமில்லாத மதியங்கள்.
ஹெராயின் எங்கள் ஊருக்கு எப்படி வந்ததென்று
ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
எங்கள் வீட்டுக்கு அது
அவனுடைய நீல ஜாக்கெட்டின் உள்பையில் வந்தது.
துவைக்க எடுத்தது நான்தான்.
திரும்ப மடித்து வைத்ததும் நான்தான்.
ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கரண்டிகள் காணாமல் போயின.
ஒரு குளிர்காலம் முழுக்க
சூப்பைக் கோப்பையோடு தூக்கிக் குடித்தோம்.
அம்மா புதிதாக வாங்க மாட்டாள்,
வாங்கினால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.
அப்புறம் என் சைக்கிள்.
பச்சை நிறம், மணி கிடையாது,
மீன் வெட்டும் தொழிற்சாலையில்
என் முதல் ஆறு மாதச் சம்பளம்.
"எவனோ திருடிட்டான், எல்ஸ்பெத்" என்றான்.
என்னோடு சேர்ந்து தெருத்தெருவாகத் தேடினான்,
மழையில், இரண்டு மணி நேரம்,
சந்துக்குள் எல்லாம் எட்டிப் பார்த்து.
நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.
அந்தச் சிரிப்பை ஒருமுறைகூட
முழுதாகச் சிரித்து முடித்ததில்லை.

ஏழு மாதம் நன்றாக இருந்தான்.
அதை யாரும் எழுதி வைக்கவில்லை,
அதனால் நான் எழுதுகிறேன்:
காலையில் சாப்பிட்டான்.
பக்கத்து வீட்டு இஷ்பெல்லுக்கு வேலி அடித்துக் கொடுத்தான்.
மருந்துக்கடை வரிசையில் நின்று
அந்தப் பச்சைத் திரவத்தைக் கடைக்காரர் பார்க்கக் குடித்தான்,
பின்னால் பழைய வகுப்பு டீச்சர் நின்ற நாளிலும்
தலை குனியாமல் வெளியே வந்தான்.
ஒரு சனிக்கிழமை
சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தான்.
சிவப்பு. மணி இருந்தது.
"இது என்னுடையது இல்லை" என்றேன்.
அவ்வளவுதான் சொன்னேன்.
அதைச் சுவரில் சாய்த்துவிட்டு
அவன் தேநீர் போடப் போனான்.

மார்ச் மாதம். பேருந்து நிலையக் கழிப்பறை.
"இதயம்" என்றாள் அம்மா, கேட்டவர்களிடமெல்லாம்.
"நோய்" என்றார் பாதிரியார்.
தொழிற்சாலையில் கத்திகள் ஒரு நிமிடம் நின்று
பிறகு அதே வேகத்தில் ஓடின.
யாரும் பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
ஆனாலும் அடக்கம் முடிந்து,
சாண்ட்விச் தட்டை நீட்டியபடி,
மாமாவின் முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னேன்.
தட்டு நடுங்கவில்லை.
அவர் ஒரு சாண்ட்விச் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால் கயிறுகள்.
பெட்டியைக் குழிக்குள் இறக்க எட்டுக் கயிறு,
எட்டுப் பேருக்கு எண் போட்ட சின்ன அட்டை.
எங்கள் பக்கம் ஆண்கள்தான் பிடிப்பார்கள்.
நான்காம் எண்ணில் என் பெயரை
அப்பா எழுதச் சொல்லியிருந்தார்.
ஏனென்று அவரும் சொல்லவில்லை.
கயிறு உள்ளங்கையில் இழுத்தது.
இவ்வளவு லேசாகவா,
இல்லை, எட்டில் ஒரு பங்குதானே என் கையில்,
எட்டால் பெருக்கிப் பார்த்தேன்,
மரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தேன், வரவில்லை.
கேட்டால் சட்டென்று சொல்லக்கூடியவன் ஒருவன்தான்,
ஐம்பது கிராம் முன்பின் இல்லாமல்.
திரும்பிப் பார்த்தேன்கூட.

இப்போது சிவப்பு சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன்.
சங்கிலி அடிக்கடி கழன்றுவிடும்,
விரலில் போன வாரத்து மசி இன்னும் இருக்கிறது.
கலங்கரை விளக்கத் திருப்பத்தில்
விடியாத சாலையில், முன்னால் ஒருவருமில்லாதபோது,
மணியை அடிக்கிறேன்.