அளவுக்கு ஓர் ஆள்

படம் ஒன்றுக்கு நாலு ரூபாய்.
ஒரத்தநாடு பாசன அலுவலகத்தில்
பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே எனக்கொரு மேசை.
ஸ்கேன் செய்து அட்டவணையில் ஏற்ற வேண்டும்.
கரையான் தின்றது போக
இருநூற்றுப் பதினொன்று மிச்சம்.

முன்பாதி மேட்டூரில் அணை எழும்பியபோது எடுத்தவை.
பின்பாதி இங்கே, கல்லணையிலிருந்து
கால்வாய் வெட்டி வந்தபோது.
தொண்ணூறு வருஷம் ஆகிறது,
இன்னும் அதற்குப் பேர் புது ஆறுதான்.

பாரந்தூக்கிக்குப் பெயர் எழுதியிருக்கிறது,
அதைச் செய்த ஊர், எத்தனை டன் என்பதும்.
தொப்பி வைத்த எட்டுப் பேருக்கும் இனிஷியலோடு பெயர்.
ஆஸ்பத்திரிக் கொட்டகை, வாரச் சந்தை,
ஒரே அச்சில் வார்த்த கூலி லயன்,
அதன் வாசலில் பானையோடு ஒரு பெண்
வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

அட்டவணையில் ஐந்து கட்டம்.
எண், இடம், நாள், பொருள்,
படத்தில் உள்ளோர்.
கடைசிக் கட்டம் காலியாக இருந்தால்
கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்வதில்லை.

17: அஸ்திவாரக் குழி.
ஓரத்தில் ஒருவன், கையில்
கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டம் போட்ட கம்பு.
பின்புறம் பென்சிலில்
'ஆள், அளவுக்கு.'
குழியின் ஆழம் கடல் தாண்டி இருப்பவருக்குப் புரிய
நிறுத்தியிருக்கிறார்கள்.

43இலும் அவன்தான்.
58இல் மதகுக்குள், முகத்தில் பாதி இருட்டு.
தலைப்பாகை முடிச்சு இடப்பக்கம் தொங்கும்,
அதை வைத்துத்தான் பிடித்தேன்.

71இல் தலையைத் திருப்பிவிட்டான்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை.
யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.
அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பதற்கு
அந்தப் புகை ஒன்றுதான் சாட்சி.

72. கம்பு மட்டும், பாறையில் சாய்ந்து.

மதியம் லஸ்கர் வைரக்கண்ணு வந்தார்.
'மேட்டூர் எத்தன?'
காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்கிற குரல்.
எழுபத்தொன்று என்றேன்.
'அப்ப பன்னெண்டாந் தேதி தொறக்க மாட்டான்,'
என்றவர் படத்தைப் பார்த்தார்.
கட்டைவிரலை அவன்மேல் வைத்து மறைத்து,
விரலை மேலே மேலே தள்ளி எண்ணினார்.
'ஓராளு, ரெண்டாளு, மூணாளு...
நாலாளு ஆழம் வெட்டிருக்கான் பாத்துக்க.'
நாங்கள் தண்ணீரையும் அப்படித்தான் சொல்வோம்.
முழங்கால், இடுப்பு, கழுத்து,
அதற்குமேல் ஆள்.

90இல் திரும்ப வந்தான், கம்பில்லாமல்.
தண்ணீர் ஏறப்போகிற ஊர் ஒன்று.
வண்டியில் கதவும் நிலையும் உரலும்.
கூரை பிரித்த வீட்டின் முன் நிற்கிறான்.
அங்கே எதை அளக்க நிறுத்தினார்கள்?
அல்லது யாரும் நிறுத்தவில்லையா?
திருப்பிப் பார்த்தேன்.
பின்புறம் ஒன்றும் எழுதவில்லை.

கம்பின் கட்டங்களை எண்ணினால்
அவன் ஐந்தரை அடி.
வேலை ஓடவில்லை.
அணை கொள்ளும் நூற்றிருபதை
ஐந்தரையால் வகுத்தேன்.
தலைமேல் கால் வைத்து
இருபத்தொரு பேர் நிற்க வேண்டும்.
நாலரை அடி மிச்சம் வந்தது.

112இல் இருக்கிறது அந்த மிச்சம்,
சாந்துச்சட்டி சுமந்து,
காமிராவைப் பார்த்துச் சிரித்தபடி.
பத்து வயது இருக்கலாம்.

'கூலியாட்கள்னு போட்டு முடிச்சிடுங்க கயல்விழி,'
என்றார் உதவிப் பொறியாளர், போகிற போக்கில்.
முடித்தேன்.
ஆஸ்பத்திரி வரிசைக்கு, லயன் வாசல் பெண்ணுக்கு,
பையனுக்கு, தொண்ணூறுக்கும் அதேதான்.
வாடகை இருக்கிறது.

71க்கு மட்டும் கை நின்றது.
படத்தில் உள்ளோர்:
யாரோ கூப்பிட்டுத் திரும்பியவர்.

ஒரு நொடி சுற்றியது வட்டம்.
ஏற்றுக்கொண்டது.