அவங்க

அழகர் மலைக்குத் திரும்பிப் பன்னிரண்டு நாள்.
திருநகர் இரண்டாவது ஸ்டாப்பில்
மூன்று ஊர்களிலிருந்து வந்து இறங்கினோம்,
ஆளுக்கொரு உருட்டுப் பெட்டி,
மூவருக்கும் சேர்த்து ஒரே கேள்வி.
அதை அண்ணன் இளங்கீரன்
வாட்ஸ்அப்பில் முன்பே போட்டிருந்தான்:
பத்திரம் யார் பேரில்?

கதவைத் திறந்தவர் சுலோச்சனா.
தபால் ஆபீஸில் முப்பத்தொரு வருடம்,
வயது அறுபத்திரண்டு.
தாலி இல்லை, பதிவும் இல்லை.
"பேச்சுத் துணைக்குத்தாம்மா" என்று
அப்பா போனில் சொன்ன அன்று
தமயந்தி அக்கா ஸ்பீக்கரை அணைத்தாள்,
பிள்ளைகள் காதில் விழாமல்.

சித்தி என்ற சொல் தொண்டையோடு நின்றது.
ஆன்ட்டி என்றால் எதிர்வீடு.
ஆகவே அவங்க.
அவங்க சாப்பிட்டாங்களா,
இது அவங்க செருப்பு,
அவங்க போன் அடிக்குது.
அந்தப் போனில் அவங்க பேசிய சௌராஷ்டிரம்
ஒரு சொல்லும் விளங்கவில்லை.
நம்மளப் பத்தித்தான் என்றான் அண்ணன்.

ஹாலில் ஏர்கூலர்.
அதைத்தான் முதலில் பார்த்தோம், அப்பாவை அல்ல.
இதே ஹாலில்
வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றி
ஈரத்தின் மேல் முந்தியை விரித்துப் படுத்தவள் அம்மா,
இருபத்தேழு கோடை.

மூன்றாம் நாள் இரவு, சாப்பாட்டில்,
அக்கா வெடித்தாள். பத்திரத்துக்காக அல்ல.
"அம்மாவுக்கு ஒரு டேபிள் ஃபேன் வாங்கித் தந்தீங்களாப்பா?"
அப்பா மோரை விட்டுப் பிசைந்துகொண்டே இருந்தார்,
பிசைந்துகொண்டே,
காதோரம் சாயக் கறையோடு.
பதில் அடுப்படி வாசலிலிருந்து வந்தது:
"அது என் பென்ஷன்ல வாங்குனதும்மா.
இந்த மனுசன் வாங்குவாரா?
பத்து மணிக்கு அதையும் அணைச்சிப்புடுறாரு,
யூனிட்டு ஏறுதாம்."

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.
அண்ணனுக்குப் புரையேறியது.
உச்சந்தலையில் தட்ட நீண்ட அவங்க கை
பாதியில் யோசித்து
தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தது.

அப்புறம் கரண்டும் போனது.
மொட்டைமாடியில் ஐந்து பாய்.
பரங்குன்றம் இருட்டைவிடக் கருப்பாக.
பகலெல்லாம் குடித்த வெயிலைத் தளம்
முதுகுகளுக்குத் திருப்பிக் கொடுத்தது.
நாளைக்குக் கேட்டுருவோம் என்றான் அண்ணன், காதோடு.
கேட்பான். விடுகிற ஆள் இல்லை.
அக்கா துடைத்தது வியர்வையா
என்று நான் பார்க்கவில்லை.

விடியும்போது வயிறு கடுத்தது.
அலமாரி டப்பாக்களில் அம்மாவின் கையெழுத்து
பிளாஸ்திரியோடு அப்படியே.
வெந்தயம் என்றிருந்ததைத் திறந்தேன்: சீரகம்.
எழுதியதை எழுதிய இடத்தில்
என்றைக்குமே போட்டதில்லை அம்மா.

பால் பொங்கக் காத்து நின்றவங்க
திரும்பாமலே சொன்னாங்க:

"கடுகுல பாரு."