நாற்பத்தாறு டாலர்

பில் வந்த இரவு ரெய்னோ ஆரம்பித்தான்:
"மாதம் நாற்பத்தாறு டாலர்.
கூப்பிடுவது யார், சொல்?
நம்மிடம் இல்லாத காருக்கு வாரண்டி விற்பவன்.
ரத்த வங்கி.
தேர்தல் வந்தால் பதிவு செய்த ஒரு குரல்."
விரல் மடக்கி எண்ணினான்.
சரியாகத்தான் எண்ணினான்,
வியாழக்கிழமை வெர்னாவை விட்டுவிட்டு.

எங்கள் எண் மூன்றில் முடிகிறது,
மருந்துக்கடை எண் எட்டில்.
நான் முகம் பார்த்திராத வெர்னாவின் கண்ணுக்கு
இரண்டும் ஒன்று.
முதல் வருடம் "தவறான எண்" என்று வைத்தேன்.
அடுத்த வருடம் சரியான எண்ணைச் சொல்லிப் பார்த்தேன்.
இப்போதெல்லாம் பேனா எடுத்து
மாத்திரையின் பெயரை எழுத்துக்கூட்டி வாங்கிக்கொண்டு
கடைக்கு நானே தகவல் சொல்லிவிடுகிறேன்.
"உங்க கடை மாதிரி வராதும்மா" என்பாள்.
ரெய்னோவுக்கு இது தெரியாது.

எங்களிடம் செல்போன் இரண்டு,
சிக்னல் ஒன்று.
அதுவும் கராஜில், உறைபெட்டி மேல் ஏறி
ஏரிப்பக்கம் முகம் திருப்பினால்.
டுலூத்திலிருந்து கிர்ஸ்டி கூப்பிடுகிறாள் என்றால்
கோட்டின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு
ஓடுவான் அவள் அப்பா.
"ஏம்ப்பா மூச்சு வாங்குது?" என்று
ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

கீவினாவின் வயிற்றைக் கிழித்துத்தான்
உலகத்துக்குச் செம்பு எடுத்தார்கள்.
போனதில் திரும்பி வந்தது
கம்பத்துக்குக் கம்பம் தொங்கும்
இந்த மெல்லிய இழை மட்டும்.
கம்பெனிக்கு அதுவும் பாரம்.
ஃபைபர் வரும், ஃபைபர் வரும் என்று
மூன்று வருடமாகக் கடிதம் வருகிறது.

சரி, துண்டித்துவிடலாம் என்று
செவ்வாய் மாலை நானே கூப்பிட்டேன்,
அந்தப் போனிலிருந்தே.
உறைபெட்டி மேல் நாற்பது நிமிடம் யார் நிற்பது?

காத்திருக்கச் சொல்லி ஒரு பியானோ.
ஒரே துண்டு, திரும்பத் திரும்ப.
சுப்பீரியரிலிருந்து பனி ஏறி வந்தது.
பதினேழாவது நிமிடம் விளக்கு போனது.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.
ஹீட்டர் நின்றது, மோடம் கண் மூடியது.
பியானோ நிற்கவில்லை.
கும்மிருட்டில், என் காதுக்குள் மட்டும்,
அந்தச் சலிப்பான துண்டு
ஒரு சுரம் பிசகாமல்.

பிறகு டெனிஷா என்றொரு பெண்,
வெயில் அடிக்கிற ஊர்க்குரல்.
"துண்டிக்கக் காரணம்?"
"செலவு."
"உங்களைத் தொடர்புகொள்ள வேறு எண்?"

வாயெடுத்தேன்.
நாக்கில் வந்தது இந்த எண்தான்.
பதினொரு வருடமாகக் கைப்பையில் கிடக்கும் போனின் எண்
எனக்குத் தெரியவில்லை.
என்னை நானே கூப்பிட்டதில்லையே.
ரெய்னோவைக் கேட்கலாம் என்றால்
டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
வெளியே ஜெனரேட்டரோடு மல்லுக்கட்டுகிறான்.

"மேடம், லைனில் இருக்கிறீர்களா?"
"இருக்கிறேன்.
இந்த எண்ணை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவீர்களா?"
"தொண்ணூறு நாள் கழித்துக் கொடுக்கலாம், மேடம்."

தொண்ணூறு நாள்.
ஏறக்குறைய பதின்மூன்று வியாழன்
வெறும் மணி கேட்பாள் வெர்னா.
அதற்கப்புறம் எடுக்கப்போவது யாரோ,
அவர் பொறுமை எப்படியோ,
பக்கத்தில் பேனா இருக்குமோ என்னவோ.

ரெய்னோ உள்ளே வந்தான்,
மீசை முழுக்கப் பனி.
"வெட்டியாச்சா?"

"லைன் கிடைக்கலை" என்றேன்.

நம்பிவிட்டான்.
செல்போன் வைத்திருப்பவனுக்கு
பழகிப்போன பதில்தானே அது.